குற்றாலச் சாரலில் எளிய கேமராக்கள்

குற்றாலத்தில் எடுத்த குடும்பப் படங்களில் பெரும்பாலானவை விலை குறைந்த கேமராக்களில் எடுத்தவை. நாள்காட்டிக்கும் வாழ்த்து அட்டைக்கும் அருவியைப் படம் பிடித்த பெரிய கேமராக்கள் தனி. அவை கூட்டமில்லாத நேரம் பார்த்து வந்து நீரையும் பாறையையும் எடுத்துக்கொண்டு போயின. எந்த ஆண்டில் எடுத்தாலும் அந்தப் படங்கள் ஒன்றுபோலவே இருக்கும். எண்ணெய்த் தலையும் ஈரத் துண்டுமாக நின்ற ஆச்சிகளையும் சித்தப்பாக்களையும் எடுத்தவை, திருகுவதற்கு அதிகம் இல்லாத சின்னக் கேமராக்கள். அருவிக்கரையில் எந்தக் கம்பி எப்போது வந்தது, எந்த மரம் எப்போது போனது, ஆட்கள் என்ன உடுத்திக் குளித்தார்கள் என்பதெல்லாம் இந்தப் படங்களில்தான் இருக்கிறது. 1970களிலிருந்து தென்காசிப் பக்கம் புழங்கிய அத்தகைய கேமராக்களையும், அந்த ஊரின் வெளிச்சத்திலும் ஈரத்திலும் அவற்றை வைத்துப் படம் எடுத்த வழிகளையும், இதை எழுதுபவர் கண்டும் கையாண்டும் அறிந்த அளவில் இக்கட்டுரை சொல்கிறது.

குற்றாலம் தென்காசிக்குத் தென்மேற்கே ஐந்து கிலோமீட்டரில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. மலை மேற்கே நிற்பதால் காலை வெயில் பாறைமுகத்தில் விழும். பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். தென்காசி வெளிச்சமாக இருக்கும்போதே அருவிக்கரை மங்கத் தொடங்கும். இது வெயில் நாட்களின் நிலை. சீசன் நாட்கள் வேறு மாதிரி. ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஆரியங்காவுக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் வரும்போது மிச்சம் வைத்திருக்கும் ஈரமே சாரல். வானம் முழுக்க மேகம், இடையில் தூறல், கொஞ்ச நேரம் வெயில், மறுபடியும் மேகம். ஆட்களைப் படம் எடுக்க இந்த மேக வெளிச்சம் மிக நல்லது. கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழாது. யாரும் கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை. கறுத்த முகமும் வெள்ளை வேட்டியும் ஒரே படத்தில் இரண்டுமே தெளிவாக வரும். ஆனாலும் அந்தக் காலத்தில் "வெயில் இல்லையே, படம் விழுமா?" என்று கேட்காதவர்கள் குறைவு. விழுந்தது. வெயிலில் எடுத்ததைவிட நன்றாகவே விழுந்தது. அதற்குக் காரணம் கேமராவின் அமைப்பிலேயே இருந்தது.

அன்று நடுத்தர வீடுகளில் பார்க்கக் கிடைத்த கேமரா ஆக்ஃபா கிளிக்-3. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் தயாரித்தது. கறுப்புப் பிளாஸ்டிக் உடல், தோளில் மாட்ட வார் வைத்த தோல் உறை, முன்னால் ஒற்றைக் கண்ணாடி. 120 அளவு ரோல் பிலிமில் ஆறு சென்டிமீட்டர் சதுரத்தில் பன்னிரண்டு படங்கள் விழும். பின்புறம் சிவப்புக் கண்ணாடி பதித்த சின்னத் துளை ஒன்று இருக்கும். பிலிமைத் திருகத் திருக, அதன் முதுகுத் தாளில் அச்சிட்ட எண்கள் அந்தத் துளையில் வந்து நிற்கும். தூரம் சரிசெய்யும் வளையம் கிடையாது. பத்தடிக்கு அப்பால் நிற்பவர்கள் தெளிவாக விழுவார்கள், அதற்குள் வந்தால் மங்குவார்கள். வெளிச்சத்துக்கு வெயில், மேகம் என்று இரண்டு அடையாளங்கள். இதை எழுதுபவரின் வீட்டில் மாமா வாங்கி வைத்திருந்ததும் இந்தக் கேமராதான். கல்யாணம், பொங்கல், குற்றாலம் என்று எந்தக் காரியமானாலும் அது ஒன்றே போய் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரவல் கேட்டால் பிலிமை அவர்களே போட்டுக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இந்த வகைக் கேமராக்களின் ஷட்டர், நொடியில் முப்பதில் ஒரு பங்கு என்ற அளவை ஒட்டிய ஒரே வேகத்தில் திறந்து மூடும். மேகத்துக்கு வைத்தால் லென்ஸ் துளை எஃப் 8 என்ற அளவை ஒட்டி இருக்கும். 100 ஏஎஸ்ஏ பிலிமுக்கு நல்ல வெயிலில் எஃப் 16 துளையும் நொடியில் நூறில் ஒரு பங்கும் போதும் என்பது புகைப்படக்காரர்களின் பழைய வாய்ப்பாடு. அடர்ந்த மேகத்தில், மரங்களுக்கு அடியில், வெளிச்சம் நான்கு படி (ஒவ்வொரு படிக்கும் பாதியாக) குறைந்துவிடும். அங்கே அதே வேகத்துக்கு எஃப் 4 வேண்டும். எஃப் 4 துளையில், நூறை ஒட்டிய ஷட்டர் அளவான நூற்று இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம் நுழையும் ஒளியும், எஃப் 8 துளையில் முப்பதில் ஒரு பங்கு நேரம் நுழையும் ஒளியும் ஒரே அளவு. ஆக, மலிவுக்காக ஒரே வேகத்தில் கட்டிய கேமரா, குற்றாலத்தின் மர நிழலுக்கும் சாரலுக்கும் அளந்து செய்ததுபோல் அமைந்துவிட்டது. நல்ல வெயிலிலோ, துளையை ஒரு படி குறுக்கினாலும் ஒளி மூன்று படி அதிகமாகிவிடும். கறுப்பு வெள்ளை பிலிம் அதைப் பொறுத்துக்கொள்ளும், முகம் வந்துவிடும். அருவி மட்டும் வரியில்லாத வெள்ளைத் திட்டாகப் போய்விடும். சாரல் நாளில் எடுத்த பழைய படங்களில் நீரின் இழைகள் தெரிவதும் வெயில் நாளில் எடுத்தவற்றில் தெரியாததும் இதனால்தான்.

முப்பதில் ஒரு பங்கு வேகத்தில் கை ஆடினால் படம் ஆடும். அதனால் எடுப்பவர் முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை நிறுத்தி, லீவரை மெல்ல அழுத்த வேண்டும். நிற்பவர்களும் ஆடக் கூடாது. பேரருவிக்கு எதிரே மாமா எல்லோரையும் வரிசைப்படுத்தியபின் பத்தடி அளந்து பின்னால் நடப்பார். "அத்தான், இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மதினி, புள்ளையைக் கொஞ்சம் அசையாமப் பிடிச்சுக்கிடுங்க" என்ற குரல் அருவி இரைச்சலில் பாதிதான் கேட்கும். ஒரு ரோலில் பன்னிரண்டே படம் என்பதால் பேரருவிக்கு இரண்டு, ஐந்தருவிக்கு ஒன்று, கோயில் வாசலில் ஒன்று என்று வீட்டிலேயே பங்கு பிரித்துவிடுவார்கள். திரும்பி வரும்போது ரோலில் மிச்சமிருந்தால் அது தீபாவளிவரை கேமராவுக்குள்ளேயே காத்திருக்கும். அப்படிப்பட்ட ரோல்களில் அருவியும் பட்டாசும் அடுத்தடுத்த எண்களில் இருக்கும். குடும்பப் படங்களைக் காலவரிசையில் அடுக்க முயல்பவர்களுக்கு இந்த நெகட்டிவ் வரிசையே நம்பத் தகுந்த சாட்சி.

பிலிம் கழுவத் தென்காசி ஸ்டூடியோவுக்குத்தான் கொடுப்பார்கள். பெரிதாக்கினால் கூலி கூடும். எனவே நெகட்டிவைத் தாளின்மேல் வைத்து அதே அளவில் எடுக்கும் காண்டாக்ட் பிரிண்டே வழக்கம். ஆறு சென்டிமீட்டர் சதுரப் படம், ஓரத்தில் வெள்ளைக் கரை. ஒற்றைக் கண்ணாடி லென்ஸின் குறைகள் அந்தச் சிறிய அளவில் கண்ணுக்குத் தெரியாது. மூலைகள் லேசாக மங்கியிருக்கும், அவ்வளவுதான். பிலிம் சில சமயம் கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ, பல சமயம் நம் ஊட்டியின் 'இந்து'. மத்திய அரசு 1960இல் நிறுவி, 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் சரக்கு அது. நீலகிரியின் குளிர்ந்த, தூசி குறைந்த காற்று பிலிம் தயாரிப்புக்கு ஏற்றதாக இருந்தது. தமிழ்நாட்டின் ஒரு மலையில் செய்த பிலிமில் தமிழ்நாட்டின் இன்னொரு மலையைப் படம் எடுத்த காலம் அது. வண்ண பிலிமின் வரவாலும் பின்னர் டிஜிட்டலாலும் அந்த ஆலை நலிந்து மூடப்பட்டது. ஒரு தொழில் மட்டும் அதோடு போகவில்லை, எளிய மக்கள் வாங்கக்கூடிய உள்நாட்டு பிலிம் என்ற ஏற்பாடே போயிற்று. அது பெரிய இழப்பு.

கேமராவை எளியவர் கைக்குக் கொண்டுவரும் முயற்சி ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் 1900இல் ஒரு டாலருக்கு விற்ற பிரவுனி பெட்டிக் கேமராவில் தொடங்கியது. கிளிக்-3 அந்த வம்சம். 1980களில் வந்த ஹாட் ஷாட்டும் அப்படியே. அதில் 110 வகை பிலிம் டப்பா. நெகட்டிவ் 13 மில்லிமீட்டருக்கு 17 மில்லிமீட்டர் மட்டுமே. போஸ்ட்கார்டு அளவுக்குப் பெரிதாக்கினால் பொரி பொரியாகத் தெரியும். ஆனால் சட்டைப் பைக்குள் போய்விடும், பெண்களும் பிள்ளைகளும் கூச்சமில்லாமல் எடுத்தார்கள். கேமரா ஆண்களின் தோளிலிருந்து இறங்கியது அந்தக் காலத்தில்தான். பின்னர் யாஷிகா எம்எஃப்-2, 1990களில் கோடக் கேபி-10. இரண்டும் 35 மில்லிமீட்டர் பிலிமில் முப்பத்தாறு படம் எடுப்பவை, தூரம் திருக வேண்டாதவை, உள்ளேயே பிளாஷ் உள்ளவை.

பிளாஷ் குற்றாலத்தில் ஒரு புதிய சிக்கலைக் கொண்டுவந்தது. காற்றில் மிதக்கும் திவலைகள் லென்ஸுக்கு வெகு பக்கத்தில் இருப்பதால், பிளாஷ் வெளிச்சம் முதலில் அவற்றில் பட்டுத் திரும்பும். படம் முழுக்க வெள்ளை வட்டங்கள் மிதக்கும். ஆவி, தெய்வம் என்று சிலர் அதற்கு விளக்கம் சொன்னதும் உண்டு. வட்டங்கள் வெறும் நீர்த்துளிகள். குவியத்துக்கு வெளியே இருப்பதால் வட்டமாகத் தெரிகின்றன. இரவிலும் விளக்கொளியில் குளியல் நடக்கும் பேரருவியில் பிளாஷை அணைத்துவிட்டு, விளக்குக் கம்பத்துக்கு எதிரே ஆட்களை நிறுத்துவதே நல்ல வழி. இன்றைய செல்போனுக்கும் இதே விதிதான்.

சீசன் காலத்தில் அருவிக்கரையில் நின்று ஆட்களைப் படம் எடுத்துக் கொடுத்தவர்களைச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமை பெறாது. கழுத்தில் கேமரா, கையில் மாதிரிப் படங்கள் செருகிய சின்ன ஆல்பம், பிளாஸ்டிக் பையில் ரசீதுப் புத்தகம். முன்பணம் வாங்கி, முகவரி எழுதிக்கொண்டு, படத்தைத் தபாலில் அனுப்புவார்கள். முன்பின் தெரியாதவரிடம் பணம் கொடுத்துவிட்டு ஊர் திரும்புவது அன்று யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. அவர்களிடமும் விலையுயர்ந்த கருவிகள் இல்லை. ஆனால் எந்த நேரத்தில் எந்த அருவியில் வெளிச்சம் எப்படி, காற்று எந்தப் பக்கம் திரும்பினால் சாரல் லென்ஸில் அடிக்கும், நீர் பேரருவியின் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழும் நாளில் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இதை எழுதுபவர் அருவிப் படம் பற்றிக் கற்றதில் பாதி, அவர்கள் நிற்கும் இடத்தைக் கவனித்துக் கற்றது.

கருவி எளிமையாக இருப்பதில் வெட்கமில்லை என்பதற்கு நெல்லைச் சீமையிலேயே பெரிய சான்று உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 1950 முதல் 1996இல் மறையும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் காட்டுயிர் பற்றிய பத்தி எழுதியவர், தமிழிலும் எழுதினார். காட்டு யானைகளையும் காட்டெருமைகளையும் அவர் கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்கள் இந்தியக் காட்டுயிர்ப் புகைப்படக் கலையின் முதல் வரிசையில் நிற்கின்றன. அவர் பயன்படுத்திய கேமராவோ, உடல் ஒரு கம்பெனி, தொலைலென்ஸ் வேறொரு கம்பெனி, மற்ற பாகங்கள் இன்னும் வேறு என்று அவரே சேர்த்துக் கட்டியது. அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். அந்தக் கேமராவைப் பார்த்துத் திகைத்த காட்டுயிர்ப் படக்காரர்கள் உண்டு. விலங்கின் நடத்தையை ஆண்டுக்கணக்கில் கவனித்த கண் அவருடையது, அதனால் ஒட்டுப்போட்ட கருவியிலும் படம் நின்றது.

டிஜிட்டல் கேமரா வந்தபின் பேச்சு மெகாபிக்சலுக்குத் திரும்பியது. தென்காசிக் கடைகளில் மேக்ஸி என்று சொல்லும் நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் அச்சிட 1200 பெருக்கல் 1800 புள்ளிகள் போதும். அதாவது இரண்டேகால் மெகாபிக்சலுக்கும் குறைவு. ஆறு மெகாபிக்சல் படம் பத்து அங்குல நீளத்துக்குத் தாராளமாக வரும். 2003இல் வந்த கேனன் 300டி ஆறு மெகாபிக்சல்தான். அதுபோன்ற பழைய எஸ்எல்ஆர் உடல்கள் இன்று பழைய சாமான் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றோடு 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று இருந்தால் போதும். 1990இல் கேனன் கொண்டுவந்த பிளாஸ்டிக் உடல் லென்ஸும், அதற்குப் பதிலாக 2015இல் வந்த புதிய வடிவமும் அந்த நிறுவனத்தின் மிக மலிவான லென்ஸ்களில் சேர்ந்தவை. சாரல் நாளில், திண்ணை நிழலில், மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்த பழக்கடைக் கூடாரத்துக்குள் எஃப் 1.8 துளை செய்யும் வேலையைப் பல மடங்கு விலையுள்ள ஜூம் லென்ஸ்கள் செய்யமாட்டா.

அருவி நீரைப் படத்தில் கொண்டுவருவதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் நேரத்தைப் பற்றியவை. பேரருவி ஏறத்தாழ அறுபது மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது; இடையில் பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிகிறது. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் கீழே நின்று யாரும் குளிக்க முடியாது. எந்த அருவியிலும் ஐந்து மீட்டர் தடையின்றி விழுந்த நீர், நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தை எட்டிவிடும். கேமரா முப்பதில் ஒரு பங்கு நொடி திறந்திருந்தால் அந்த நீர் படத்துக்குள் முப்பத்து மூன்று சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நூல் நூலாகத் தெரியும். ஐந்நூறில் ஒரு பங்கு திறந்தால் இரண்டே சென்டிமீட்டர். துளிகள் தனித்தனியாக நிற்கும். அரை நொடி திறந்தால் நீர் முழுக்கப் பஞ்சாகிவிடும். இன்று எல்லோரும் விரும்புவது இந்தப் பஞ்சு நீரை. இதை எழுதுபவரின் எண்ணத்தில் குற்றாலத்துக்கு அது பொருந்தாது. குற்றால அருவி தலையில் அறைந்து விழுவது. அதன் கீழே நின்றவருக்குத் தோள் வலி நினைவிருக்கும். பழைய கிளிக் கேமராவின் முப்பதில் ஒரு பங்கு, அந்த வேகத்தையும் கனத்தையும் சேர்த்தே காட்டியது. செல்போனில் புரோ மோடு இருந்தால் அதே அளவை வைத்துப் பார்க்கலாம்.

பஞ்சு நீர்தான் வேண்டுமென்றால் அதற்கும் செலவில்லாத வழி இருக்கிறது. லென்ஸுக்கு முன்னால் கூலிங் கிளாஸின் ஒரு கண்ணாடியை வைத்தால் ஒளி இரண்டு, மூன்று படி குறையும். ஷட்டரை அந்த அளவுக்கு மெதுவாக்கலாம். போலராய்டு வகைக் கண்ணாடியாக இருந்தால் அதைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஏதோ ஒரு கோணத்தில் ஈரப் பாறையின் பளபளப்பும் இலைகளின் வெள்ளைப் பூச்சும் மறைந்து, உண்மையான பச்சை வெளிவரும். முக்காலி தேவையில்லை. கால் படி உளுந்தோ மணலோ போட்டுத் தைத்த துணிப்பை கைப்பிடிச் சுவரில் படிந்து உட்காரும். அதன்மேல் போனை அமர்த்தி, இரண்டு நொடி டைமரில் விட்டால் கை ஆட்டமும் இல்லை. செல்போன்களின் இரவு மோடு மட்டும் அருவிக்கு உதவாது. அது பல படங்களை எடுத்து ஒன்றாக்கும். பாறை தெளிவாகும், நீரோ ஒட்டுப்போட்டதுபோல் குழம்பிவிடும்.

ஒளியை அளப்பதில் அருவி எந்தக் கேமராவையும் ஏமாற்றும். கறுத்த ஈரப் பாறை படத்தில் பெரும்பகுதியாக இருந்தால் கேமரா அதை வெளிச்சமாக்கப் பார்த்து நீரை வெளுக்கவைக்கும். நீரே பெரும்பகுதியாக இருந்தால் நீர் சாம்பல் நிறமாகி, முன்னால் நிற்கும் முகம் கறுத்துப்போகும். செல்போனில் முகத்தின்மேல் விரல் வைத்து ஒளியை அதற்கு அமைப்பது ஒரு வழி. அதைவிட நல்ல வழி, ஆளை அருவிக்கு நேர் முன்னால் நிறுத்தாமல் பக்கவாட்டில், பாறையோ மரமோ பின்னணியாக இருக்கும்படி நிறுத்தி, அருவியைப் படத்தின் ஓரத்தில் விடுவது. அருவிக்கரைப் படக்காரர்கள் எப்போதும் இப்படித்தான் நிறுத்தினார்கள்.

ஈரம் கேமராவின் பெரிய எதிரி. லென்ஸில் விழும் துளியை வேட்டி முனையால் துடைத்தால் பிசுபிசுப்பு பரவி, அன்றைய படங்கள் முழுக்கப் பனி மூடியதுபோல் வரும். எண்ணெய்க் குளியல் நடக்கும் ஊரில் துணியெல்லாம் எண்ணெய் என்பதை மறக்கக் கூடாது. துவைத்து உலர்ந்த பழைய பருத்தித் துணி ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. கேமராவுக்கு ஒரு பாலிதீன் பை, லென்ஸ் அளவுக்கு ஓட்டை, ஒரு ரப்பர் பேண்டு போதும். அருவிப் பக்கக் கடைகளில் கழுத்தில் தொங்கவிடும் போன் உறைகள் விற்கிறார்கள். அவை போனைக் காக்கும். ஆனால் பிளாஸ்டிக் வழியே எடுத்த படம் மங்கும். நனைந்த விரலைச் செல்போன் திரை ஏற்காது. பக்கவாட்டிலுள்ள ஒலி பட்டனை அழுத்தினால் பெரும்பாலான போன்களில் படம் விழும். தோள் பையைக் குரங்குகள் இழுக்கும். தின்பண்டமும் கேமராவும் ஒரே பையில் இருக்கக் கூடாது.

வீடு திரும்பியபின்தான் உண்மையான ஆபத்து. சீசன் மாதங்களின் ஈரக் காற்றில், இருட்டுப் பையில் மூடிவைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். வலைபோல் பரவி, கண்ணாடியின் பூச்சையே தின்றுவிடும். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவும் கொஞ்சம் சிலிக்கா ஜெல்லும் இருந்தால் தடுக்கலாம். நீலநிற ஜெல் ஈரம் குடித்து இளஞ்சிவப்பானதும் வாணலியில் மிதமாகச் சூடாக்கினால் மறுபடியும் நீலமாகும். அரிசிக்குள் புதைத்து வைப்பது நம் ஊரில் பழைய பழக்கம். அரிசியின் மாவுத்தூசி லென்ஸ் வளையங்களுக்குள் போய்விடுவதால் அதை விட்டுவிடுவதே மேல்.

தென்காசி ஊருக்குள் எளிய கேமராவின் சோதனை காசி விஸ்வநாதர் கோயில் கோபுரம். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயில் அது. பழைய ராஜகோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. இன்றுள்ள ஒன்பது நிலைக் கோபுரம், ஏறத்தாழ 180 அடி, 1990இல் குடமுழுக்குக் கண்டது. அதற்கு முந்தைய குடும்பப் படங்களில் பின்னணியில் சிதைந்த கோபுரம் தற்செயலாக விழுந்திருந்தால், அந்தப் படங்கள் ஊர் வரலாற்றின் ஆவணங்கள். கோபுரம் கிழக்கு நோக்கியது; காலையில்தான் சுதைகளில் வெளிச்சம் விழும். சாதாரண 38 மில்லிமீட்டர் கேமராவில் கோபுரம் முழுதும் விழ, கேமராவை நிமிர்த்திப் பிடித்தும் ஐம்பது மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். செல்போனின் அகலமான லென்ஸுக்கு இருபது மீட்டர் சொச்சம் போதும். ஆனால் அத்தனை பக்கத்தில் நின்று அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்னால் சாய்ந்துவிடும். இரண்டு தெரு தள்ளி, ஏதாவது ஒரு மாடியில் அனுமதி கேட்டு ஏறி எடுப்பது நல்லது. கோபுர வாசலில் வீசும் காற்று ஆளையே தள்ளும். சீசன் காலத்தில் மெல்லிய முக்காலி அங்கே நிற்காது.

ஊரைத் தாண்டினால் வயல்கள். ஜூனில் கார் நடவு தொடங்கும்போது தண்ணீர் கட்டிய வயலில் மலை தலைகீழாகத் தெரியும். இதற்குக் காற்று அடங்கிய விடிகாலைதான் ஏற்றது. சுந்தரபாண்டியபுரம் 'ரோஜா' படத்தால் அறியப்பட்ட ஊர். இப்போது ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அங்கே சூரியகாந்தி பூத்ததும் கேரளத்திலிருந்தும் ஆட்கள் படமெடுக்க வருகிறார்கள். பூத்த சூரியகாந்தி கிழக்கே பார்த்தே நிற்கும் என்பதால் காலை வெளிச்சம் பூவின் முகத்தில் விழும். வரப்பை விட்டு வயலுக்குள் இறங்கிச் செடியை மிதிப்பது விவசாயியின் வயிற்றில் அடிப்பது. செங்கோட்டை - புனலூர் ரயில்பாதை இன்னொரு பாடம். 1904இல் திறந்த அந்த மலைப்பாதையில் மீட்டர்கேஜ் வண்டி 2010இல் நின்றது, 2018இல் அகலப்பாதையாகத் திறந்தது. இடைப்பட்ட மாற்றத்துக்கு முன் கடைசி மீட்டர்கேஜ் வண்டிகளை எடுத்தவர்களில் பலர், ஏஏ பேட்டரி போடும் சின்ன டிஜிட்டல் கேமராக்களோடு ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த சாதாரணப் பயணிகள்.

எடுக்கக் கூடாத இடங்களும் இந்த விஷயத்தில் அடங்கும். குற்றால அருவிகள் குளிக்கும் துறைகள். பெண்கள் குளிக்கும் பக்கம் கேமராவைத் திருப்புவது அநாகரிகம். அருவிப் படம் என்ற சாக்கு அதற்குப் பொருந்தாது. செல்போன் பெருகியபின் பல குடும்பங்கள் நிம்மதியாகக் குளிக்க முடியாமல் போனது வேதனையான உண்மை. குற்றாலநாதர் கோயிலின் சித்திர சபையில் சுவரோவியங்கள் உள்ளன. அவற்றைக் கண்ணால் பார்த்து மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் செல்போனைத் தடைசெய்ய உத்தரவிட்டது. மலைமேல் செண்பகாதேவி அருவிக்கும் தேனருவிக்கும் வனத்துறை அனுமதியில்லாமல் போக முடியாது. ஒரு காலத்தில் கட்டுச்சோற்றோடு ஏறிப் போய் அங்கே எடுத்த படங்கள் பழைய ஆல்பங்களில் இருந்தால் அவற்றின் மதிப்பு பெரிது.

அந்த ஆல்பங்களைக் காப்பது கடைசி வேலை. பசையுள்ள அட்டையில் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய ஆல்பங்கள் படத்தை மஞ்சளாக்கும். அதில் இருப்பவற்றைப் பிரித்துக் காகித உறைகளுக்கு மாற்றிவிடலாம். ஒட்டிக்கொண்டு வராத படத்தைப் பிய்க்காமல் அப்படியே போனில் பிரதி எடுத்துக்கொள்வது நல்லது. நெகட்டிவ் இருந்தால் இன்னும் நல்லது: செல்போன் அல்லது கணினித் திரையை முழு வெள்ளையாக வைத்து, அதற்குச் சில சென்டிமீட்டர் மேலே நெகட்டிவைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு போனால் படம் எடுத்து, நிறத்தைத் தலைகீழாக்கினால் படம் கிடைத்துவிடும். திரையோடு ஒட்டி வைத்தால் திரையின் புள்ளிகளும் சேர்ந்து விழும். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் மென்மையான பென்சிலால் ஆண்டு, எந்த அருவி, யார் யார், யாருக்கு யார் என்ன உறவு என்று எழுதி வைக்க வேண்டும். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் பதிக்கும். வீட்டிலுள்ள மூத்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுவது நல்லது. அருவியை அடையாளம் காண நீர்வீழும் வடிவம் போதும், மனிதர்களை அடையாளம் காண அவர்கள் வேண்டும்.